பொங்கல் லீவில் நாகலாபுரம் மலையில் டென்ட் போடலாமா?

கொருக்குப்பேட்டை_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவில் நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஒரே தெருப் பையன்கள், நாகலாபுரம் மலைக்குப் போய் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம் என்று இருக்கிறோம். ரெட்ஹில்ஸ், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக பைக்கில் போகிற திட்டம். ஓடை ஓரமாக மணல் இருக்கிற இடத்தில் டென்ட் போட்டால் படுக்க வசதியாக இருக்கும் என்று போய் வந்த ஒருவர் சொன்னார். மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது. மற்றவர்கள் காசிமேட்டுக் கடலில் குளித்து வளர்ந்தவர்கள். எந்த டென்ட் வாங்கலாம்? இரவில் நெருப்பு போட்டால் மிருகம் கிட்டே வராது என்பது உண்மைதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்ஹில்ஸ்_நடையன்:
தம்பி, டென்டைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்தில் இரவு தங்க அனுமதி இருக்கிறதா என்பது. நாகலாபுரம் ஆந்திர வனத்துறையின் கையில் இருக்கிற காடு. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், அதிலும் ராத்திரி தங்குவது பெரிய வம்பு. பைக்கை அடிவாரத்தில் போட்டுவிட்டுத் தெரிந்த கைடு ஒருவரோடு ஏறிவிடுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேட்கிற நாளும் உண்டு.

இன்னொரு விஷயம் இருக்கிறது, நம் பக்கத்துப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த வட்டாரத்து மலைகள் செம்மரக் கடத்தலுக்குப் பேர்போனவை. அதைத் தடுக்கத் தனிப்படையே ரோந்து போகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது வேறு கதை, நீங்கள் போவது வேறு காரணத்துக்கு, சரி. ஆனால் நடு ராத்திரியில் கையில் டார்ச்சும் விறகு வெட்டக் கத்தியுமாகத் தமிழ் பேசிக்கொண்டு நிற்கிற எட்டுப் பேரைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு உங்கள் காரணம் தெரியாது. இரவில் அங்கே இருக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

அப்புறம் அந்த ஓடை மணல். அது மெத்தை மாதிரி இருப்பதற்குக் காரணமே வெள்ளம் அந்த வழியாகப் போவதுதான். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. மேலே மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே நட்சத்திரம் தெரிகிற வானத்தின் அடியில் தண்ணீர் வந்துவிடும். நாகலாபுரத்து ஓடைகள் இறங்கிச் சேர்வது ஆரணியாற்றில். பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டையும் பொன்னேரியும் எப்படிப் பதறும் என்று வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். அதே தண்ணீரின் தலைமாட்டில் படுக்கப் போகிறேன் என்கிறீர்கள். ஓடையில் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும், பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

நெருப்பைப் பற்றி வேலை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

பேசின்பிரிட்ஜ்_வாசி:
அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆதங்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் பையன்கள் கால் நீட்டி உட்கார ஒரு மரத்தடி கிடையாது. மணலிப் பக்கம் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும், எண்ணூரில் சாம்பல். பணம் இருக்கிறவன் மலையில் ரிசார்ட் போட்டுக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறான். நம் பையன்கள் பெட்ரோலுக்குக் காசு சேர்த்துக்கொண்டு கிளம்பினால் மட்டும் அது குற்றம், இது ஆபத்து என்று பட்டியல் வருகிறது. காடு எல்லோருக்கும் சொந்தம் இல்லையா? போகாதே போகாதே என்று சொல்லியே ஒரு தலைமுறையை வீட்டுக்குள் போனோடு உட்கார வைத்துவிட்டோம்.

ரெட்ஹில்ஸ்_நடையன்:
நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் வலிக்கிற விஷயம்தான். அதனால்தான் போகாதே என்று நான் சொல்லவே இல்லை. எங்கே, எப்போது, யாரோடு என்பதை மாற்றச் சொல்கிறேன்.

2018 மார்ச் 11ஐ நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்து போனவர்களும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுமாகக் காட்டுத்தீயில் சிக்கினார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் யாரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. படித்த, வேலை பார்க்கிற, மலையை நேசித்த பிள்ளைகள். கோடையில் காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்டதுதான் அவர்களுக்கு நேர்ந்தது. நெருப்பு மேட்டை நோக்கி ஓடும்போது சமதரையில் ஓடுவதைவிட வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. தீயைக் கண்டதும் மேலே ஏறத்தான் மனசு சொல்லும். கூடாது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறை, ஈரமான ஓடை, இல்லாவிட்டால் ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருப்பு இடம், இதில் ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் அனுமதி கிடைக்கும், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் பயிற்சி எடுத்து வழிகாட்டியாக வருகிறார்கள். பெரும்பாலும் பகல் நடைதான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்று மூடி வைப்பார்கள். அந்த மாதங்களில் யாராவது எனக்கு ஆள் தெரியும், உள்ளே கூட்டிப் போகிறேன் என்றால் அவரோடு டீ குடிக்கக்கூடப் போகாதீர்கள்.

நமக்குப் பக்கத்திலேயே அந்தப் பட்டியலில் ஒன்று இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம், குடியம் குகை. பூண்டி ஏரிக்கு அப்பால், அல்லிக்குழி காப்புக்காட்டுக்குள். அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடாரிகள் 15 லட்சம் வருடம் பழமையானவை. நெருப்பு மிருகத்தை விரட்டும் என்று நாம் நம்புவதற்கு எவ்வளவோ முன்னால் ஒரு கூட்டம் அங்கே மழைக்கு ஒதுங்கியிருக்கிறது. பேசின்பிரிட்ஜ் தம்பி, அந்தக் குகை வாயில் நம் பையன்கள் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இப்போது நெருப்பு. கரடிக்கும் பாம்புக்கும் உங்கள் கேம்ப் ஃபயர் வேலி கிடையாது. இந்தப் பக்கத்து மலைகளில் கரடி உண்டு. சமைத்த வாசனையும் மிச்சம் போட்ட பிரியாணியும் அதைக் கூப்பிடும், நெருப்பு அதைத் தடுக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. காட்டுக்குள் நெருப்பே வேண்டாம். பீடி, சிகரெட்டும் அப்படித்தான்.

சாக்ரமெண்டோ_வியாசர்பாடி:
வியாசர்பாடியில் பிறந்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே நேஷனல் ஃபாரஸ்ட் என்று நாடு முழுக்க 154 காடுகள், சுமார் 19 கோடி ஏக்கர். நேஷனல் பார்க்கும் இதுவும் ஒன்றில்லை. இது விவசாயத் துறைக்குக் கீழே, 1905இல் தொடங்கிய வனத்துறையிடம் இருக்கிறது. இதில் பல இடங்களில் கட்டணமே இல்லாமல், பாதையை விட்டுத் தள்ளி நாமாக டென்ட் போட்டுக்கொள்ளலாம், வழக்கமாக 14 நாள் வரை. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, இங்கே விடுகிறார்கள், ஊரில் ஏன் விடுவதில்லை என்று கேட்பார்கள்.

விடுகிறார்கள், உண்மை. ஆனால் விட்ட இடத்தில் ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் அடுப்பு பற்ற வைக்கக்கூட ஒரு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், இலவசம்தான். காய்ந்த மாதங்களில் நெருப்புக்கு மொத்தமாகத் தடை வந்துவிடும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் அணையவில்லை என்று அர்த்தம். மண்ணைப் போட்டு மூடினால் அடியில் கனன்றுகொண்டே இருந்து மறுநாள் காற்றில் கிளம்பிவிடும். கழிக்கப் போனால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு எட்டு அங்குலம் குழி தோண்டி மூட வேண்டும். கரடி இருக்கிற பகுதியில் சாப்பாடு, பற்பசை, சோப்பு வரை கெட்டி டப்பாவில் போட்டு டென்டுக்குத் தள்ளி வைக்கிறோம். குப்பை என்று எதையும் விட்டு வர மாட்டோம், ஆரஞ்சுத் தோல் உட்பட.

இங்கே ஊரைப் போல யானையும் கிடையாது, காட்டு ஓரத்தில் ஊருக்கு ஊர் ஆடு மாடு மேய்ச்சலும் கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

காசிமேடு_கயிற்றுக்கடை:
நீச்சல் தெரியும் என்று தம்பி எழுதியிருப்பதைப் படித்தேன், அதற்கு மட்டும் பதில்.

கடலில் நீந்துகிறவன் மலைக் குட்டையில் ஏமாந்து போவான். உப்புத் தண்ணீர் உன்னைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் அவ்வளவு தூக்காது. அருவி விழுகிற இடத்தில் நுரை பொங்குமே, அங்கே தண்ணீரோடு காற்றும் கலந்திருப்பதால் இன்னும் தூக்காது, எவ்வளவு கை போட்டாலும் இறங்குவாய். மேலே வெதுவெதுப்பாக இருக்கும், இரண்டு ஆள் ஆழத்தில் ஜில்லென்று இருக்கும், காலைப் பிடித்துக்கொள்ளும். கடலில் அலை கரைக்குத் தள்ளும் என்று ஒரு நினைப்பு இருக்கும். குட்டையில் எதுவும் தள்ளாது, சுற்றி வழவழ பாறை, பாசி, பிடித்து ஏற ஒரு பிடி இருக்காது. மேலிருந்து குதிப்பது வேண்டவே வேண்டாம், போன மழையில் எந்தப் பாறை உருண்டு வந்து உள்ளே கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஒருவன் தத்தளித்தால் அவனைக் காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து போவதுதான் தண்ணீரில் மூழ்கும் சாவுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூழ்குகிறவன் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பான், அண்ணனா நண்பனா என்று அந்த நேரத்தில் தெரியாது. அதனால் கையில் இது இருக்கட்டும்: ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று. கழுவி, உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடியை இறுக்கு. அந்தக் கொஞ்சம் தண்ணீர் இல்லாவிட்டால் கேன் காற்றில் பறக்கும், வீசின இடத்தில் விழாது. கைப்பிடியில் எட்டு மில்லிமீட்டர் கயிறு, ஐம்பது அடிக்குக் குறையாமல். மிதக்கிற கயிறாகப் பார்த்து வாங்கு, அசல் நைலான் மிதக்காது, பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், கடையில் கேட்டால் சொல்வார்கள். வீசும்போது ஆளின் தலைக்கு மேலே தாண்டிப் போட்டு மெதுவாக இழு, கயிறு அவன் தோளில் படும். நீ படுத்துக்கொண்டு இழு. நின்றுகொண்டு இழுத்தால் உன்னையும் இழுத்துவிடுவான். வீட்டு மாடியிலேயே நாலு தடவை வீசிப் பழகிக்கொண்டு போ.

நீச்சல் தெரியாத மூன்று பேருக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கு. தண்ணீரில் இறங்கும்போது ஒருவன் எப்போதும் கரையில் இருக்கட்டும், கேனோடு. குடித்தவன் யாரும் தண்ணீர்ப் பக்கம் வரக் கூடாது. அதைவிட, அன்றைக்குக் குடிக்காமலே இருங்கள்.

வார்டு_அக்கா:
நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். பாம்புக்கடி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டென்ட் போடுகிறவர்கள் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. அது ராத்திரியில் அலைகிற பாம்பு, தரையில் படுத்திருக்கிறவர்களிடம் வந்து சேரும். கடித்தது தெரியாது, வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள், இமை தூக்க முடியாமல் தொங்கும், பேச்சு குழறும். நேற்று சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் மூச்சு இழுக்க முடியாமல் போய்விடும். தரையில் படுத்து எழுந்தவனுக்கு இமை தொங்கினால் வேறு எதையும் யோசிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். டென்டின் ஜிப் முழுதும் மூடியிருக்க வேண்டும், ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாலும். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். கரையான் புற்று, விறகுக் குவியல் பக்கம் படுக்காதீர்கள்.

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் கதை வேறு, வலியும் வீக்கமும் இருக்கும். எங்களிடம் வந்ததும் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் இந்த விரியன்களின் விஷம் ஏறியிருக்கிறது. அந்த 20 நிமிடத்தில் கூட வந்த பையன்கள் ஏன் மருந்து போடவில்லை என்று சத்தம் போடுவார்கள், அவர்கள் பதற்றம் புரிகிறது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கடித்த இடத்தைக் கிழிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கக் கயிறு கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வாட்ச், கொலுசு கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வராது. ஒரு கட்டையை வைத்துக் காலை ஆடாமல் துணியால் கட்டுங்கள், அவரை நடக்க விடாதீர்கள், தூக்கி வாருங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றே. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இலிருந்து அந்த மக்கள் செய்கிற வேலையால்தான் எங்கள் வார்டிலிருந்து பலர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்னொன்று. குளிர்கிறது என்று கரியை மூட்டி டென்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதில் வருகிற கார்பன் மோனாக்சைடு விஷ வாயு கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வாசனையும் கிடையாது, எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

திருவொற்றியூர்_அம்மா:
என் மகள் காலேஜில் மலையேற்றம் என்று ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். கூட்டிப் போகிறவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

ரெட்ஹில்ஸ்_நடையன்:
அம்மா, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால்கூடப் போதும். தயங்கினால் அனுப்பாதீர்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் அந்த ஊர்க்காரரா, எத்தனை மணிக்குக் கீழே இறங்கிவிடுவார்கள், முடியாமல் பாதியில் திரும்பும் பெண்ணோடு யார் வருவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. மகளிடம் போகிற பாதையையும், இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அவளுடைய சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 போகும், அதை அவளிடம் சொல்லி வையுங்கள். மற்றபடி அவள் போகட்டும் அம்மா. நல்ல விஷயம்.

பேசின்பிரிட்ஜ்_வாசி:
குரங்கணியை மறந்துதான் போயிருந்தேன். குடியம் விவரத்துக்கு நன்றி அண்ணா, எங்கள் பகுதிப் பையன்களிடமும் சொல்கிறேன். மலையேற்றக் கட்டணம் மாணவர்களுக்கு இன்னும் குறைய வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது அரசே இலவசமாகக் கூட்டிப் போக வேண்டும்.

ரெட்ஹில்ஸ்_நடையன்:
அதில் நானும் உங்கள் பக்கம். மனு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு.

கொருக்குப்பேட்டை_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. பையன்களிடம் படித்துக் காட்டினேன். ரெண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் சரி என்றார்கள். பகலில் குடியம், பதிவு செய்து போகிறோம். ராத்திரிக்கு, ஒரு நண்பனின் மாமாவுக்குச் சீத்தஞ்சேரிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது, பட்டா நிலம். அவர் அங்கே டென்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். அது பரவாயில்லையா? குகையில் தேன்கூடு இருக்கும் என்கிறார்களே?

ரெட்ஹில்ஸ்_நடையன்:
அருமையான ஏற்பாடு. மாமாவும் அன்றைக்குத் தோப்பில் படுத்தால் இன்னும் நல்லது. காட்டு எல்லையிலிருந்து தள்ளி, காய்ந்த கிளை தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பாருங்கள். தோப்பிலும் கட்டுவிரியன் உண்டு, அக்கா சொன்ன எல்லாம் அங்கேயும் பொருந்தும்.

தேன்கூடு உண்டு. பாறைக் கூரையில் பலாப்பழ அளவுக்குத் தொங்கும், கிட்டே போனால் மேல்தோல் முழுதும் அலை அலையாக நெளிவது தெரியும், அது தேனீக்கள் உங்களைக் கவனித்துவிட்டதற்கு அடையாளம். அதற்கு மேல் ஒரு அடி வைக்காதீர்கள். சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் அன்றைக்கு வேண்டாம், கூச்சல், கல் எறிவது, புகை, டிரோன் எதுவும் கூடாது. கிளம்பிவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று கையை வீசாதீர்கள். தண்ணீரில் குதித்தால் மேலேயே காத்திருக்கும். கொட்டிய கொடுக்கை நகத்தாலோ ஏடிஎம் அட்டையாலோ உடனே வழித்து எடுங்கள். கூட வருகிற எட்டுப் பேரில் யாருக்காவது முன்பு தேனீ கொட்டி மூச்சுத் திணறியிருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் அவர் குகைக்கு வர வேண்டாம், தோப்பில் சேர்ந்துகொள்ளட்டும்.

வார்டு_அக்கா:
தம்பி, போய் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. புல்லிலும் புதரிலும் மைட் என்கிற சின்ன உண்ணியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருக்கும். கடித்தால் ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலும் தலைவலியும் வரும். ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள், தமிழ்நாட்டில் நிறையவே பார்க்கிறோம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் காட்ட மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். அப்புறம் அந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, காட்டுக்குப் போய் வந்தேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரையிலேயே கேட்கும் நோய், தாமதித்தால்தான் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். எட்டுப் பேர் வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

கொருக்குப்பேட்டை_தம்பி:
சொல்லிவிடுகிறேன் அக்கா. கயிற்றுக்கடை அண்ணா, கேன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கயிறு வாங்க வருகிறோம்.

காசிமேடு_கயிற்றுக்கடை:
ஞாயிறு மீன் வாங்க வருகிற கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. சனிக்கிழமை காலையில் வா. கேனையும் எடுத்து வா, முடிச்சு போடச் சொல்லித் தருகிறேன்.